கிராமத்துக்குக் கணக்கு எழுதிய ஆடிட்டர் ஜே.சி. குமரப்பா

(இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்)

போன வருஷம் நம்ம என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கு வந்தவர்களுக்கு அந்த உறிஞ்சு குழி ஞாபகம் இருக்கும். அடிபம்பைச் சுற்றி எப்போதும் சேறாகக் கிடந்த இடத்தில் மூன்று நாள் குழி வெட்டினோம். கீழே பெரிய கல், அதற்கு மேல் ஜல்லி, அதற்கு மேல் மணல் என்று கிளாஸில் படித்தபடியே அடுக்கினோம். சிவில் பசங்க வேலை என்று எல்லோரும் பாராட்டினார்கள். போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் கூட ஒட்டினார்கள். மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். குழியை மண் போட்டு மூடியிருந்தார்கள்! மறுபடியும் பழைய சேறு.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விசாரித்தேன். அவர் கோபப்படவில்லை. பம்பில் வழிகிற தண்ணீர் அந்தப் பள்ளத்தில் நின்றால்தான் தெருவில் உள்ள ஆடு, கோழி எல்லாம் குடிக்குமாம். மிச்சம் ஓடிப்போய் அவர் வீட்டு வாழைக்கும், அடுத்த வீட்டு முருங்கைக்கும் பாயுமாம். நாங்கள் வந்து அத்தனையையும் பூமிக்குள்ளே விட்டுட்டோமாம். அப்பவே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எங்களை யாரும் கேட்கவில்லையே என்றார் சர்வசாதாரணமாக.

பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். அந்த வாரம்தான் லைப்ரரியில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் என் கையில் அகப்பட்டது. கிராமத்துக்குப் போனால் முதலில் கேள், எழுதிக்கொள், அதற்குப் பிறகு கை வை என்பதை ஒரு வேலைமுறையாகவே வைத்துக்கொண்ட ஒருவரின் வரலாறு அது. அவர் வடநாட்டுக்காரராக இருப்பார் என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். பார்த்தால் நம்ம தஞ்சாவூர்க்காரர்! காந்திக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பொருளாதார மேதையைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஒரு பாரா கூட நான் படித்ததாக ஞாபகம் இல்லை.

1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். அப்பா பொதுப்பணித்துறையில் உத்தியோகம். வீட்டில் படிப்புக்குக் குறைவில்லை, வசதிக்கும் குறைவில்லை. லண்டனுக்கு அனுப்பிக் கணக்குத் தணிக்கை படிக்க வைத்தார்கள். முதல் உலகப் போர் முடிந்த பிறகு 1919-ல் ஊர் திரும்பி, பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தினார். சூட்டு, பூட்ஸ், கையில் பிரம்பு, நல்ல வருமானம். இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் அவரைப் பற்றி நான் எழுத எதுவும் இருந்திருக்காது.

1927-ல் அமெரிக்கா போனார். சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்து 1928-ல் பட்டம் வாங்கினார். பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு சர்ச்சில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று பேசியிருக்கிறார். அந்தப் பேச்சு பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மேன் அதையே ஆராய்ச்சியாக எழுதச் சொல்லிவிட்டார். அதற்காகப் பிரிட்டிஷ் அரசின் வரவு செலவுக் கணக்குகளை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நண்பர்களே, ஆடிட்டருக்கு முன்னால் கணக்கை வைத்தால் என்ன ஆகும்? ஜனங்களிடம் வரியாக வாங்கிய பணம் எங்கே போகிறது, பட்டாளத்துக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அமெரிக்கா போகும்போது அவர் தேசபக்தர் ஒன்றும் இல்லை. அவரை மாற்றியது மேடைப் பேச்சு அல்ல, கணக்குப் புத்தகம்.

1929-ல் இந்தியா திரும்பிய பிறகு, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அந்த ஆராய்ச்சியை அச்சில் கொண்டுவர வேண்டும் என்பதற்காகத்தான் காந்தியைப் பார்க்க சபர்மதிக்குப் போனார். அது 1929 மே 9. பட்டு உடையும் கையில் தடியுமாக, சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இவர் தடியை ஊன்றியபடி நின்று அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கிழவரே, நீங்கள்தான் குமரப்பாவா என்று விசாரித்தபோதுதான் காந்தி அவர்தான் என்று இவருக்கு உறைத்தது. அப்படியே பட்டுத் துணியோடு அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆராய்ச்சிக் கட்டுரை காந்தியின் யங் இந்தியா பத்திரிகையில் தொடராக வந்தது.

ஆனால் காந்தி அதோடு விடவில்லை. மேலிருந்து பார்த்து எழுதிய கணக்கு சரி, இனி கீழே போய்ப் பார் என்பதுபோல் ஒரு வேலை கொடுத்தார். குஜராத்தில் கேடா மாவட்டத்தில் மாத்தர் என்ற தாலுகா. அங்குள்ள கிராமங்களை வீடு வீடாக விசாரித்துப் பொருளாதார நிலையை எழுத வேண்டும். கூட வருபவர்கள் குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள். அதாவது நம்மை மாதிரிப் பசங்கள்!

இதில் ஒரு தமாஷ் உண்டு. குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. ஹிந்தியும் கிடையாது. துரை மாதிரி டிரஸ்ஸில் வந்து நின்ற இவரைப் பார்த்து, வித்யாபீடத்துப் பொறுப்பில் இருந்த காகா காலேல்கருக்கு, இவர் எப்படிக் கிராமத்தில் வேலை செய்வார் என்று சந்தேகம். சரியான பதில் கிடைக்காமல் குமரப்பா பம்பாய்க்குத் திரும்பியே போய்விட்டார். பிறகு காந்தி தலையிட்டுத்தான் விஷயம் நேரானது.

நாம் சர்வே என்றால் செயினும் டம்பி லெவலும் தியோடலைட்டும்தான் என்று நினைக்கிறோம். அந்த சர்வே வேறு. மாத்தர் தாலுகாவின் 54 கிராமங்களில் மாணவர்கள் போய் உட்கார்ந்து கேட்டார்கள். எத்தனை ஏக்கர் நிலம், எத்தனை மாடு, என்ன விளைச்சல், விதைக்கு எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு, தீர்வை எவ்வளவு, கடன் யாரிடம், வட்டி என்ன. ஒரு கம்பெனிக்கு லாப நஷ்டக் கணக்கு எழுதுவது மாதிரியே ஒரு விவசாயக் குடும்பத்துக்கும் எழுதினார் குமரப்பா. கூட்டிப் பார்த்தால் பல குடும்பங்களில் மிச்சம் என்று ஒன்றும் இல்லை. நிலத்திலிருந்து கையில் நிற்காத வருமானத்துக்கு அரசாங்கம் பணமாகத் தீர்வை வாங்கிக்கொண்டிருந்தது. தீர்வை கட்டக் கடன், கடனுக்கு வட்டி. இதை யாரும் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. நம்பர் சொன்னது. அந்த அறிக்கை புத்தகமாக 1931-ல் வெளிவந்தது. இந்தியாவில் ஒரு தாலுகாவையே இப்படி வீட்டுக் கணக்கிலிருந்து பார்த்த ஆரம்பகால முயற்சிகளில் இது ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

இதைப் படித்தபிறகு நான் ஒரு காரியம் செய்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். லீவில் வீட்டுக்குப் போனபோது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எங்கள் வீட்டுக்கே மாத்தர் சர்வே நடத்தினேன். அப்பா கிணறு வெட்டும் வேலைக்குப் போகிறவர். அது இல்லாத நாளில் எது கிடைத்தாலும் செய்வார். அம்மா களை எடுக்கப் போவார். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். எழுதி முடித்தால் மாசம் ஒரு தொகை எங்கே போகிறது என்றே தெரியவில்லை. அப்பா வாயைத் திறக்கவில்லை. அம்மாதான் சொன்னார், அது வட்டி என்று. நான் முதல் வருஷம் சேர்ந்தபோது வாங்கிய கடனுக்கு வட்டி. மாட்டை விற்ற பணத்தில்தான் எனக்கு ஃபீஸ் கட்டினார்கள் என்று ஒன்றரை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மாடு அதற்கு முன்பே ஒரு பழைய கடனுக்குப் போய்விட்டிருந்தது. பதினெட்டு வருஷம் அதே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியவனுக்கு அந்த வீட்டுக் கணக்கு தெரியவில்லை என்றால், பத்து நாள் கேம்ப் போன ஊர் எனக்கு எப்படித் தெரியும்?

சரி, குமரப்பாவுக்கு வருவோம். 1930 மார்ச்சில் உப்பு யாத்திரை தொடங்கியது. காந்தி சிறைக்குப் போனபோது யங் இந்தியாவை நடத்தும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. எழுதினார், ஜெயிலுக்குப் போனார், வெளியே வந்தார், மறுபடியும் போனார். அந்தக் காலத்துத் தலைவர்கள் எல்லோருக்கும் பொதுவான கதைதான் இது, அதனால் நீட்டவில்லை.

1934 ஜனவரியில் பீகாரில் பெரிய பூகம்பம். நிவாரண வேலை ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்தது. பணம் குவிகிறது, கணக்கு பார்க்க ஆள் வேண்டும். கூப்பிட்டது குமரப்பாவை. தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் செலவுக்கு மூன்று அணா, அதற்கு மேல் கிடையாது என்று கட்டுப்பாடு போட்டார். அந்தச் சமயம் காந்தியே தன் கூட்டத்தோடு அங்கே வந்தார். அவர்கள் சாப்பாட்டுக்கும் காருக்கும் ஆகும் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார் மனுஷன்! காந்தி கோபித்துக்கொள்ளவில்லை. அது ஜனங்கள் பூகம்பத்தில் அடிபட்டவர்களுக்காகக் கொடுத்த பணம், வந்தவர் மகாத்மாவாக இருந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது என்பது குமரப்பாவின் கணக்கு. கேம்ப் செலவில் பிரியாணி போடச் சொன்ன நம்ம நண்பர்கள் இந்தப் பாராவை இரண்டு தடவை படிக்கவும்.

அதே 1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது, காந்தி செயலாளராக நியமித்தது இவரைத்தான். இடம் வர்தாவில் மகன்வாடி. குமரப்பாவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த காலம் இதுதான். தம்பி பரதன் குமரப்பாவும் வந்து சேர்ந்துகொண்டார். செக்கு, கையால் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு, சோப்பு, பனைவெல்லம், மண்பாண்டம் என்று ஒவ்வொரு தொழிலையும் எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். நம்ம மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட் கவனிக்க: பழைய செக்கை அப்படியே கும்பிடச் சொல்லவில்லை. எங்கே உராய்கிறது, மாட்டுக்கு எங்கே பாரம் கூடுகிறது, பிண்ணாக்கில் எவ்வளவு எண்ணெய் வீணாக நின்றுவிடுகிறது என்று பார்த்து, ஜவேர்பாய் பட்டேல் என்பவர் திருத்தி அமைத்ததுதான் வர்தா செக்கு. மண்ணெண்ணெய் வெளியிலிருந்து வருகிறது, ஊரில் விளையும் எண்ணெயிலேயே விளக்கு எரியட்டும் என்று மகன் தீபம் என்ற விளக்கைச் செய்தார்கள். கிராமத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு வித்யாலயம். கையால் செய்த காகிதத்தில் ஒரு பத்திரிகை. 1938 டிசம்பரில் கிராமத் தொழில்களுக்கென்றே மகன் சங்க்ரஹாலயா என்ற அருங்காட்சியகத்தைக் காந்தி திறந்து வைத்தார்.

பனைவெல்லம் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. கரும்புக்கு நல்ல நிலமும் தண்ணீரும் வேண்டும். அந்த நிலத்தில் நெல்லோ பருப்போ விளைவிக்கலாம். பனைக்கோ ஒன்றும் வேண்டாம், பொட்டலில் தானாக நிற்கிறது. அப்படியானால் இனிப்பைப் பனையிலிருந்து எடு, நல்ல நிலத்தைச் சோற்றுக்கு விடு என்றார் குமரப்பா. எங்க ஊர் ஏரிக்கரைப் பனையை எல்லாம் செங்கல் சூளைக்கு வெட்டி விற்றபோது இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

மகன்வாடியில் எல்லாமே ஜெயித்தது என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்தில் சிந்தி என்று ஒரு கிராமம். தெருவெல்லாம் அசிங்கம். காந்தியும் கூட இருந்தவர்களும் வாளியும் மண்வெட்டியுமாகப் போய்த் தினமும் சுத்தம் செய்தார்கள். ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! பழக்கம் லேசில் மாறவில்லை. மகாத்மாவே துடைப்பம் பிடித்தாலும், ஊர் தானாக இறங்காவிட்டால் அவ்வளவுதான் போலிருக்கிறது. இதைப் படித்தபோது உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, எங்க உறிஞ்சு குழியை நினைத்து.

குமரப்பாவோடு எனக்கு ஒரு விஷயத்தில் சண்டை உண்டு. கைக்குத்தல் அரிசி. மில்லில் தீட்டிய அரிசியில் தவிடு போய் சத்தும் போகிறது, நெல் குத்திப் பிழைத்த பெண்களின் கூலியும் போகிறது என்பது அவர் வாதம். இரண்டும் உண்மைதான். ஆனால் எங்க ஆத்தா சின்ன வயசிலிருந்து குத்திக் குத்திக் கை காய்த்துப் போனவர். மில் வேண்டாம் ஆத்தா என்று அவரிடம் போய்ச் சொன்னால் அந்த உலக்கையாலேயே எனக்கு நாலு போடுவார். மெஷின் வேலையை லேசாக்குகிறதா, இல்லை வேலையையே பறிக்கிறதா, பறித்தால் அந்தப் பணம் யார் பைக்குப் போகிறது என்று கேட்கச் சொன்னவர் குமரப்பா. எல்லா மெஷினும் பாவம் என்று சொன்னவர் அல்ல. அந்தக் கேள்வியை முதலில் உலக்கை பிடிக்கிற கையிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

1938-ல் நேரு தலைமையில் தேசியத் திட்டக் குழு அமைந்தபோது குமரப்பாவும் உறுப்பினர். பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றியே பேச்சு போனதால் கொஞ்ச நாளில் விலகிவிட்டார். அதற்குப் பதிலாக மத்திய மாகாணத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களை விசாரித்து ஒரு தொழில் அறிக்கை எழுதினார். மாத்தரில் பிடித்த வழியை அவர் கடைசி வரை விடவில்லை.

1942 போராட்டத்தில் மறுபடியும் சிறை. ஜபல்பூர் ஜெயிலில் உட்கார்ந்து இரண்டு புத்தகம் எழுதினார். ஒன்று ஏசுவின் போதனையைப் பற்றி, இன்னொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி. இரண்டாவதில் ஒரு கருத்து நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் உபயோகமானது. நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் தொட்டியில் தேங்கிய தண்ணீர் மாதிரி, எடுக்க எடுக்கக் குறையும், குறையக் குறைய அதற்கு அடிதடி நடக்கும். மரம், ஓடுகிற ஆறு, மனித உழைப்பு எல்லாம் ஊற்று மாதிரி, அளவறிந்து எடுத்தால் வந்துகொண்டே இருக்கும். 1945-ல் எழுதிய விஷயம் இது! இந்த இரண்டு புத்தகங்களையும் பார்த்துவிட்டுக் காந்தி தன் பங்குக்கு இவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தார், ஒன்று கிராமத் தொழிலுக்கு, ஒன்று சமயத்துக்கு.

சுதந்திரம் வந்தபின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு இவர்தான் தலைவர். உழுபவனுக்கும் அரசுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது என்று 1949-ல் அறிக்கை கொடுத்தது அந்தக் குழு. பெரும்பகுதி காகிதத்திலேயே நின்றது. வர்தா பக்கம் செல்டோ என்ற கிராமத்தில் ஒரு விவசாயப் பரிசோதனையும் நடத்தினார். ஒரு ஊர் ஜனத்துக்கு வேண்டிய தானியம், பருப்பு, எண்ணெய், காய், துணிக்குப் பருத்தி இதையெல்லாம் கணக்குப் போட்டு அதற்கேற்ப நிலத்தைப் பிரித்துப் பயிர் செய்வது. அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? பண்ணை ஆசிரமம்! மராட்டிய மண்ணில் ஒரு தமிழ் வார்த்தை.

1952 அக்டோபர் 2-ஆம் தேதி மத்திய அரசு சமுதாய வளர்ச்சித் திட்டத்தை அமெரிக்க உதவியோடு ஆரம்பித்தது. ஊர் முன்னேற்றம்தானே, குமரப்பா சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். கடுமையாக எதிர்த்தார். பணமும் யோசனையும் வெளியிலிருந்து வந்தால், அதிகாரி மேலிருந்து இறங்கினால், கிராமத்தான் கை நீட்டி நிற்பானே தவிரத் தானாக எழுந்து நிற்க மாட்டான் என்பது அவர் கருத்து. பலருக்கு இது பிடிக்கவில்லை, பிடிவாதக்காரர் என்று பெயர் வாங்கினார். ஐந்து வருஷம் கழித்து 1957-ல் அந்தத் திட்டத்தை ஆராய்ந்த பல்வந்த்ராய் மேத்தா குழுவே, ஜனங்களின் பங்கு போதவில்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகளிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று சொன்னது. அதைச் சட்டமாக அரசியல் சாசனத்தில் எழுத 1992 வரை ஆனது.

ரத்தக் கொதிப்பு அதிகமாகி உடம்பு ஒத்துழைக்காததால், கடைசிக் காலத்தில் தமிழ்நாட்டுக்கே வந்துவிட்டார். மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் வெங்கடாசலபதி 1940-ல் ஆரம்பித்த காந்தி நிகேதன் ஆசிரமம்தான் அவருக்கு வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொத்து சேர்க்கவில்லை. அவர் இருந்த இடத்தில் ஒரு ஏழை விவசாயியின் படம் மாட்டியிருந்ததாம். பார்க்க வந்தவர்கள் யார் இது என்று கேட்டால், காந்தி என் எஜமான், இவர் அந்த எஜமானுக்கு எஜமான் என்ற அர்த்தத்தில் பதில் சொல்வாராம். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி இறந்த அதே தேதியில், குமரப்பா காலமானார்.

இந்த வருஷக் கேம்ப்பும் அதே ஊரில்தான். ஆசிரியரிடம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு நாங்கள் நாலு பேர் போன ஞாயிற்றுக்கிழமை முன்கூட்டியே போய் வந்தோம், மண்வெட்டி இல்லாமல், வெறும் நோட்டும் பேனாவுமாக. பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்தோம். ஆம்பளைகள் கோயில் காம்பவுண்டு சுவர் வேண்டும் என்றார்கள். பெண்கள் ரேஷன் கடைக்குப் போகும் வழியில் மழைக்கு முழங்கால் தண்ணி நிற்கிறது, அதைப் பாருங்கள் என்றார்கள். ரெண்டு தரப்புக்கும் வாக்குவாதம் முற்றி, முடிவு ஒன்றும் ஆகாமல் கடைசி பஸ் வந்துவிட்டது. அந்தப் பாட்டி மட்டும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறோம்.